சைக்கிளில் வந்த பால்குடம்

என் மனைவி சசிரேகா இந்த வருஷம் பால்குடத்தைச் சைக்கிளில் கொண்டுவரப் போகிறாள் என்று கோயில் கமிட்டியில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கமிட்டியில் எனக்கும் ஒரு பதவி உண்டு. திருவிழாவுக்கு மைக்செட் கட்ட வருகிற பையனிடம் "சத்தம் பத்தலை" என்று போய்ச் சொல்கிற பதவி. அதைத் தவிர வேறு எதற்கும் நான் அங்கே வாய் திறந்ததில்லை.

தலைவர் நல்லுசாமி அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து மட்டும்தான் ஓய்வு. குரலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"என்னாது, சைக்கிளா? தர்மேந்திரா, நீ வெளையாட்டா பேசுறவன்னு தெரியும். அம்மன் காரியத்துலகூடவா?"

"வெளையாட்டு இல்லைண்ணே. அவளுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. மேடு பள்ளத்துல நடக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"அப்ப நீ தூக்கு லா. அவ வேன்ல வரட்டும். ஒக்காந்து கும்பிட்டா அம்மன் வேணாம்னா சொல்லப் போறா?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் ஆட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். சசி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலையாட்டினேன்."

"எந்தப் பக்கம்?"

நான் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் முதுகில் கூடையோடு சரிவுகளில் ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்து வெட்டியவள் அவள். முட்டி போனதும் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "இனிமே ஒக்காந்துக்க சசி." அந்த வார்த்தைதான் அவளுக்கு வலியைவிடப் பெரிதாக வலித்தது. நேராக அம்மன் முன்னால் போய் நின்று ஒப்பந்தம் பேசிவிட்டாள். என்னை ஒக்கார வைக்காதே. உன் குடத்தை வருஷம் தவறாமல் நானே கொண்டுவந்து சேர்க்கிறேன். வேறு யாராவது தூக்கினால் ஒப்பந்தம் முறிந்துவிடும், பிறகு காலத்துக்கும் நாற்காலிதான் என்று அவள் உறுதியாக நம்பினாள். நான் தூக்குகிறேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். என் தொப்பையைப் பார்த்தாள். அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை.

சைக்கிள் வந்ததே அந்தத் தொப்பையால்தான். அதைக் கரைக்கிறேன் என்று சொல்லி வாங்கினேன். மூன்றே வாரத்தில் அது துண்டு காயப்போடுகிற கொடியாகிவிட்டது. டாக்டர் சொன்ன மறுநாள் சசி துண்டுகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு அதில் ஏறினாள். வெட்கத்தில் நான் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், கியா பார்ம் சந்தைப் பக்கம் சுற்றுலாக் கார்கள் ஸ்ட்ராபெர்ரிக்காக ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நாங்கள் தோட்டத்துப் பின்ரோட்டில் போவோம். கொழுந்து லோரியைத் தவிர வேறு வண்டி வராத ரோடு அது. ஒரு வளைவு தாண்டினால் பனி, அடுத்த வளைவில் வெயில். இரண்டு பக்கமும் சீவிவிட்ட மாதிரி தேயிலை, சரிவில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம், பிறகு என் மூச்சு. இந்த மலையைப் பற்றி எனக்கு அதிகமாகத் தெரியாது. சசியின் பின்சக்கரத்தைப் பற்றி நிறையத் தெரியும்.

கொடியேற்றத்தன்று நல்லுசாமி அண்ணன் மைக்கைப் பிடித்தார். "ஆத்தங்கரையிலேர்ந்து ஊர்வலத்தோட நடந்து வர்ற பால்குடம்தான் அபிஷேகத்துல சேரும். கமிட்டி முடிவு!"

"யாரைச் சொல்றாரு?" என்று பக்கத்தில் நின்ற பாஞ்சாலை அக்கா கேட்டார். அவரும் பழைய கொழுந்துக்காரிதான்.

"என்னைத்தான்க்கா," என்றாள் சசி, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் மைக்செட் பையனிடம் போனேன். "சத்தம் பத்தலையா அங்கிள்?" என்றான். "இன்னைக்கு ரொம்ப ஜாஸ்தி," என்றேன்.

திருவிழா நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. கம்போங் ராஜா ஊருக்குக் கீழே ஆற்றங்கரையில் பூஜை முடிந்து குடங்களில் பால் நிறைத்தார்கள். சசி மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். ஹெல்மெட்டில் வேப்பிலை செருகியிருந்தாள். மஞ்சள் துணியால் வாய் கட்டிய குடம் அவள் முதுகில், கொழுந்துக் கூடைக்குள், பழைய துண்டுகளுக்கு நடுவில் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. கோயில் சேரும்வரை குடம் தரையில் படக் கூடாது. அது எங்கள் தோட்டத்துச் சட்டம். அதை மீறுகிற எண்ணம் சசிக்குத் துளியும் கிடையாது. கமிட்டி முடிவை மீறலாம், இதை மீறக் கூடாது; மீறுவதிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

உறுமிமேளத்தோடு ஊர்வலம் பெரிய ரோட்டுப் பக்கம் திரும்பியது. நாங்கள் பின்ரோட்டுப் பக்கம் திரும்பினோம். நல்லுசாமி அண்ணன் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

தோட்டத்து கேட்டில் காவலுக்கு டெஸ்மண்ட் இருந்தான். "அக்கா, இன்னைக்கு வெளியாளுக்கு ரோடு மூடியாச்சு. மேனேஜர் ஆர்டர் லா."

"நான் வெளியாளா டெஸ்மண்ட்?"

அவன் கூடையைச் சுற்றி வந்து பார்த்தான். "இது தோட்டத்துக் கூடைதானே?"

"ஆமா."

"அப்ப வேலையாப் போறீங்க. போங்க." கேட்டைத் திறந்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "அம்மன் அக்காவைப் பாத்துப்பாங்க. அண்ணனுக்குத்தான் அந்த மேட்டுல எங்க ஆளும் வேணும்."

அவன் சொன்னது சரி. மேட்டின் பாதியில் நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். சசி இறங்கவில்லை. கொழுந்து மூட்டையோடு சரிவில் நின்று பழகிய முதுகு. குடம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்கு முன்பே உடம்பு மறுபக்கம் போய்விடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக மிதித்தாள். பனிக்குள் அந்த மஞ்சள் சுடிதார் மறைந்து மறைந்து தெரிந்தது. உச்சியில் எனக்காகக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். காத்திருக்கவில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு குழியிலும் பால் குலுங்குகிற சத்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

கோயிலில் பூசாரி கந்தசாமி ஐயாவைத் தவிர யாரும் இல்லை. ஊர்வலம் கார்களுக்கு நடுவில் சிக்கி நின்றுவிட்டதாம்.

"தலைவர் வராம நான் குடத்தை வாங்க முடியாதும்மா," என்றார் பூசாரி, சங்கடத்தோடு.

கீழே வைக்கவும் முடியாது. நான் கையை நீட்டினேன். "கையை எடுங்க," என்றாள். ஒரு காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். முட்டி தாங்கவில்லை. பாரத்தோடு நிற்க முடியாத கால் அது. மிதிக்க மட்டும்தான் முடியும்.

அதனால் மிதித்தாள். கோயிலைச் சுற்றி.

ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு யாரும் எண்ணவில்லை. முதலில் திகைத்து நின்ற பூசாரி, அவள் சன்னதி முன்னால் வரும்போதெல்லாம் தன்னையறியாமல் கைகூப்ப ஆரம்பித்தார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் முட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசியில் உறுமிச் சத்தம் கேட்டது. ஊர்வலம் வந்து சேர்ந்தது. சைக்கிளைப் பார்த்ததும் நல்லுசாமி அண்ணன் கையை உயர்த்தினார். மேளம் நின்றது.

"எறங்கு!"

"எறங்க மாட்டேண்ணே. எறங்கினா மறுபடி ஏற முடியாது."

"ஊர்வலத்துல வராத கொடத்தை..." அவர் முடிப்பதற்குள் அவள் கோயிலுக்குப் பின்னால் போய்விட்டாள். காத்திருந்தார். வந்தாள். "...சேத்துக்க முடியாதுன்னு கமிட்டியில..." மறுபடி போய்விட்டாள். நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்த கங்காணி, ஒரே ஒருத்தியைத் திட்டுவதற்குத் தவணை முறையில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். "...முடிவு பண்ணியாச்சு!"

"கேட்டுச்சுண்ணே!" என்று பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலை அக்கா தலைமேல் இருந்த குடத்தைச் சரிசெய்துகொண்டார். "நாமளும் கோயிலச் சுத்தணும்தானே? முன்னால ஒருத்தி போறா. என்னடி வேடிக்கை பாக்குறீங்க, வாங்க!"

மஞ்சள் சேலைகள் ஒவ்வொன்றாக வரிசையை விட்டு நகர்ந்து சைக்கிளுக்குப் பின்னால் போயின. யாரோ குலவை போட்டார்கள். உறுமிக்காரப் பையன்களுக்கு அது போதும், அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்லுசாமி அண்ணனின் குரல் முதல் தடவையாக அமுங்கிப்போனது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"தர்மேந்திரா! மைக்கைக் குடு!"

மைக் என் கையில்தான் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். இந்த முறை என் தலை வலமும் இடமுமாக ஆடியது.

"மைக் வேலை செய்யலைண்ணே," என்றேன். அது நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டு, எதிர் மலைவரை போய்த் திரும்பி வந்தது.

பெண்களோடு மூன்று சுற்று முடிந்ததும் சசி சன்னதி முன்னால் ஒரு காலை ஊன்றினாள். பூசாரி தலைவரைப் பார்த்தார். பிறகு பெண்கள் கூட்டத்தைப் பார்த்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, கூடையிலிருந்து குடத்தைத் தன் கையாலேயே தூக்கினார். துணியை அவிழ்த்ததும் அவர் முகம் மாறியது. பால்மேல் மஞ்சளாகத் துகள்கள் மிதந்தன.

"பாத்தீங்களா, பால் திரிஞ்சு போச்சு!" என்றார் நல்லுசாமி அண்ணன், அம்மனே தன் பக்கம் பேசிவிட்ட சந்தோஷத்தில்.

அது என் கைங்கரியம். ஊரே பாக்கெட் பால் ஊற்ற, நான் மட்டும் பக்தி முற்றி, மாடு வைத்திருப்பவர் வீட்டில் கறந்த பாலாக வாங்கி வந்திருந்தேன். வழி நெடுகக் குழிகள் அதைக் கடைந்துவிட்டன.

பூசாரி முகர்ந்து பார்த்தார். "திரியலை தலைவரே. வெண்ணெய் தெரண்டிருக்கு." அதற்குமேல் யாரையும் கேட்காமல் உள்ளே போய் அம்மன் தலையில் ஊற்றினார். முதல் குடம்.

சசி சைக்கிளில் இருந்தபடியே கைகூப்பி நின்றாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். என் கண்ணில் வியர்வை இறங்கியிருந்தது, சரியாகத் தெரியவில்லை.

பூஜை முடிந்து, அவள் சைக்கிளைத் திருப்பும்போது நல்லுசாமி அண்ணன் பக்கத்தில் வந்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "இந்த வருஷம் போவட்டும். அடுத்த வருஷத்துக்குக் கமிட்டி கூடி முடிவு பண்ணணும்."

"கூடுங்கண்ணே. நம்ம வீட்டுலயே கூடுங்க, டீ போட்டுத் தர்றேன்," என்றாள் சசி. "முடிவு மட்டும் நான் பண்ணியாச்சு."

சொல்லிவிட்டுக் காலிக் கூடையோடு இறக்கத்தில் இறங்கினாள். பிரேக்கைத் தொடவேயில்லை. நான் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டபடி பின்னால் போனேன்.