ஒடிஞ்சிருக்கு

1

இந்தக் கதை ஒரே சொல்லில் தொடங்கியது: "ஒடிஞ்சிருக்கு." எலும்பு ஆஸ்பத்திரியில் கேட்டால் மாவுக்கட்டுக்குப் பணம் எண்ணுவோம். நான் கேட்டது ஒரு விதைச் சோதனைக்கூடத்தில். அங்கே ஒருத்தி துள்ளிய துள்ளலில் நாற்காலி கவிழ்ந்தது. ஏன் துள்ளினாள் என்று சொல்லத்தான் இவ்வளவு பாடு.

2

முதல் வரைவு: "மஞ்சள் வெயிலில் தினைக்கதிர்கள் தலையாட்ட..." (வேண்டாம். கதை நடப்பது டியூப்லைட் வெளிச்சத்தில்.)

விதைகளைச் சோதிப்பவள் அவள். அவளுடைய தங்கை முதன்முறையாக விதைக்கென்றே தினை போட்டிருந்தாள். அனுப்பிய மாதிரியில் சின்னதாக, கறுப்பாகச் சில மணிகள். காட்டுத்தினைக் கலப்பு என்று உறுதியானால் மொத்த விளைச்சலும் விதைக்கு ஆகாது.

"களைதாம்மா இது. தங்கச்சி சரக்குன்னு கண்ணை மூடிக்கிட்டா எப்படி?" என்றார் மேலாளர்.

(அவரை வில்லனாக்கப் பார்த்தேன்; முறுக்கு மீசைகூட வைத்தேன். மனுஷன் மசியவில்லை. கேட்டதிலும் நியாயம் இருந்தது.)

3

அவள் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். அங்கே சுவரோரம் காட்டுத்தினை முளைத்திருந்தது. கதிரின் கீழ் உள்ளங்கையை ஏந்தி ஒரு தட்டுத் தட்டினாள்; மணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. காட்டுப்புல் பிள்ளைகளைத் தானே வழியனுப்பிவிடும். வளர்த்த தினை அப்படியில்லை, அடித்துப் பிரித்தால்தான் விடும்.*

* ஆகவே காட்டு மணியின் அடியில் வழவழப்பான தழும்பு. வளர்த்த மணியின் அடியில் ஒடிந்து பிய்ந்த காம்பு. நிறமும் பருமனும் ஏமாற்றலாம்.

"என்னை நம்ப வேணாம் சார். ரெண்டையும் கவுத்துப் போட்டுப் பாருங்க," என்று உதிர்ந்த மணிகளைக் கொண்டுவந்து தங்கையின் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேலாளர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். முதலில் சுவரோரத்து மணி. "வழவழன்னு இருக்கு." பிறகு தங்கையின் கறுப்பு மணி. ஒன்று, இன்னொன்று, தட்டில் இருந்த அத்தனையும். அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"ஒடிஞ்சிருக்கு," என்றார். "எல்லாமே ஒடிஞ்சிருக்கு. பால் பிடிக்காமச் சுருங்கின தினைதாம்மா. நான்தான் நிறத்தைப் பாத்து ஏமாந்துட்டேன்."

நாற்காலி கவிழ்ந்தது இப்போதுதான். எழுதிக்கொண்டிருந்த நானும் கைதட்டிவிட்டேன்.

4

முடிவு ஒன்று: அக்காவும் தங்கையும் போனில் அழுகிறார்கள். முடிவு இரண்டு: சுவரோரத்துப் புல்லைப் பிடுங்க ஆள் வர, மேலாளரே தடுக்கிறார்: "அது நம்ம சாட்சிப்பா, இருக்கட்டும்." முடிவு மூன்று, பல வருடங்கள் கழித்து...

எதுவும் வேண்டாம். போன் அடிக்கிறது. தங்கை எடுத்து, "அக்கா?" என்கிறாள். பதில் ஒரே சொல். அதை நீங்களே சொல்லுங்கள், வாய்விட்டு.

சொன்ன பிறகு இந்தக் கதையையும் கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். வழவழப்பாக முடிந்திருந்தால் தானாக உதிர்ந்தது. பிய்ந்திருந்தால், நான் பாடுபட்டு வளர்த்த