தட்டாமல் திறந்த கதவுகள்

தைவானின் கீலுங் துறைமுகத்தில் மழை பெய்யாத நாளைத்தான் ஆச்சரியமாகச் சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையும் வழக்கம்போலப் பெய்துகொண்டிருந்தது. மீன் சந்தைக்கு எதிரே நான்காவது மாடி அறையில், தன் பேயைத் திட்டியவர்களின் கருத்துகளை லாய் ஷூவென் ஒவ்வொன்றாகப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு வருட உழைப்பு. கதையும் அவளுடையது, அதைக் கணினிக்குப் புரியவைத்த வேலையும் அவளுடையது. படங்கள் சின்ஹுங் வரைந்தவை. கல்லூரியில் அவளுக்கு மூன்று வருடம் இளையவன். வேறு ஆள் கிடையாது. அந்தக் கணினி விளையாட்டின் பெயர் 'நிலக்கரி மாளிகை'. குன்றின் மேல் செங்கல் வளைவுகளோடு நிற்கும் ஒரு பழைய நிலக்கரி வியாபாரியின் வீடு, சுவரைப் பிளந்து இறங்கிய ஆலம் வேர், பதினேழு அறைகள். அறை அறையாக நடந்து, செத்துப்போன வீட்டுக்காரியின் கதையை அவள் வாயாலேயே கேட்டு முடிக்க வேண்டும். வியாழக்கிழமை உலகமெங்கும் வெளியானது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, விளையாடியவர்களில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பேர்தான் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

எழுபது வேண்டும். சின்ஹுங்கை சின்சூ நகரில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்கள் கூப்பிடும்போது பதில் சொல்லியாக வேண்டும். எழுபதைத் தொட்டால் இருந்து அடுத்த விளையாட்டைச் செய்வது, தொடாவிட்டால் போவது என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். போகாதே என்று சொல்ல ஷூவென்னுக்கு வாய் வரவில்லை. அவன் போய்விட்டால் இன்னொரு விளையாட்டைத் தொடும் தெம்பு தனக்கு இருக்காது என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு சின்ஹுங் உள்ளே வந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். ஒரு கையில் முள்ளங்கி கேக், மறு கையில் சோயா பால். "எவ்வளவு அக்கா?" என்றான். அவள் எண்ணைச் சொல்லாமல் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

கருத்துகள் விசித்திரமாக இருந்தன. தைவானிலேயே தைச்சுங்கிலிருந்து ஒருத்தி, ஏழாவது அறையில் பயந்துபோய்ப் பாதியில் அம்மாவுக்கு போன் போட்டேன் என்று எழுதியிருந்தாள். தெற்கே காவ்ஷியுங்காரர் ஒருவர் வீட்டுக்காரியின் கதையைக் கேட்டு அழுததாகச் சொல்லியிருந்தார். அவர்களுக்குக் கீழே ஜெர்மனியிலிருந்து ஒருவர்: "படங்கள் அற்புதம். ஆனால் வீட்டில் யாருமே இல்லை. மூன்று மணிநேரம் வீடு வாங்க வந்தவன் மாதிரி சுற்றிப் பார்த்தேன்." கனடாக்காரர் ஒருவர், பேய்க்கு அன்று விடுமுறை போலிருக்கிறது என்று கிண்டலடித்திருந்தார்.

மொழிபெயர்ப்பு சரியில்லை என்று ஷூவென் சொன்னாள். பேயே வராதபோது மொழிபெயர்ப்பை எங்கே கேட்டார்கள் என்று சின்ஹுங் மடக்கினான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் பிள்ளையைக் கண்ணே தெரியாதவர்கள் கறுப்பு என்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

சண்டையை வளர்ப்பதற்குப் பதிலாக, யாராவது விளையாடுவதை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று சின்ஹுங் தேடினான். ரெனான் என்ற தாடிக்காரர் பிரேசிலில் உட்கார்ந்துகொண்டு, ஆயிரக்கணக்கானோர் பார்க்க 'நிலக்கரி மாளிகை'யை நேரலையில் ஆடிக்கொண்டிருந்தார். முதல் அறைக் கதவைத் தள்ளினார், நுழைந்தார், நாற்காலிகளைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். இரண்டாவது கதவும் அப்படியே.

"பாரு, பாரு. தட்டாம கொள்ளாம உள்ள போறான். ஆளில்லாத வீடுன்னா மரியாதை வேணாமா?" என்றாள் ஷூவென்.

சின்ஹுங்கின் வாய்க்குப் போன முள்ளங்கி கேக் பாதியில் நின்றது. "அக்கா, இப்ப என்ன சொன்ன?"

"மரியாதை வேணாமான்னு கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவைத் தட்ட ஒரு பொத்தான், திறக்க ஒரு பொத்தான். தட்டினால்தான் வீட்டுக்காரி விழிப்பாள், "யாரு? தங்க வந்தீங்களா, போக வந்தீங்களா?" என்று கேட்பாள், அந்த அறையின் கதையைச் சொல்வாள். தட்ட வேண்டும் என்று விளையாட்டில் எங்கும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இந்த ஊரில் விடுதியில் பணம் கட்டி எடுத்த அறை என்றாலும், மூன்று முறை தட்டி, உள்ளே ஆவி ஏதாவது இருந்தால் வழி விடட்டும் என்று ஒதுங்கி நின்றுதானே நுழைவோம்? வெளியிடும் முன் ஆடிப் பார்த்த இருபது நண்பர்களும் ஒரு கதவு விடாமல் தட்டியிருந்தார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

"உலகத்துல பாதிப் பேரு தட்டவே மாட்டாங்கடா," என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

திரையில் 'கதவைத் தட்டவும்' என்று ஒரு வரி போட்டால் ஐந்து நிமிட வேலை என்றான் சின்ஹுங். பேய் வீட்டில் பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகை வைப்பதா என்று அவள் பாய்ந்தாள். எழுந்து நடந்தாள். மூன்றாவது சுற்றில் சட்டென்று நின்றாள்.

"அவங்க தட்டலைன்னா, அவ தட்டட்டும்."

அவனுக்கு ஒரே கணத்தில் புரிந்தது. தட்டாமல் நுழைந்தவருக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். வெளியிலிருந்து மூன்று தட்டு. வீட்டுக்காரி மரியாதை தெரிந்தவள்.

ரெனானின் நேரலையில் ஷூவென் ஒரு வரி எழுதினாள்: "வீட்டுக்காரியின் சார்பில் பேசுகிறேன். தீர்ப்புச் சொல்லும் முன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஒன்றரை மணிநேரம் போதும்." அவர் விழுந்து விழுந்து சிரித்து, சரி என்று எழுந்து போனார்.

அதன்பின் இருவரும் பேய் மாதிரி உழைத்தார்கள். சத்தமும் குரலும் ஏற்கனவே பதிவில் இருந்தன, இடம் மாற்றினால் போதும். சின்ஹுங் கதவிடுக்கில் விழும் பாத நிழலை வரைந்தான். பத்தரை மணிக்குக் கணினி அடம்பிடித்து நின்றது. கணினி சமர்த்தாக இருக்க, ஊர் வழக்கப்படி, அதன் தலையில் வைத்திருந்த பச்சைப் பொரிப் பொட்டலத்தை ஷூவென் திருப்பிப் பார்த்தாள். போன மாதமே காலாவதி. சின்ஹுங் மழையில் கீழே ஓடி, மஞ்சள் பொட்டலம் கணினியை நிறுத்திவிடும் என்று தள்ளிவிட்டுப் பச்சையையே தேடி வாங்கி வந்தான். வைத்ததும் ஓடியது. வேறு எதனாலோ ஓடியிருக்கலாம், அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

பதினொன்றேகாலுக்குப் புதிய பதிப்பு போனது. ரெனான் திரும்பி வந்து முதல் கதவைத் தள்ளி நுழைந்தார். கொட்டாவிக்கு வாயைத் திறந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டொக். டொக். டொக்.

வாய் திறந்தபடியே நின்றது. கதவிடுக்கில் இரண்டு பாத நிழல்கள். வெளியே ஒரு பெண் குரல் அமைதியாகக் கேட்டது: "தங்க வந்தீங்களா, போக வந்தீங்களா?" ரெனான் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வரிகள் திரையில் வெள்ளமாக ஓடின. அவர் எழுந்து, தாடியைத் தடவி, அடுத்த கதவின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, தட்டினார்.

ஷூவென் சின்ஹுங்கின் கையைப் பிடித்து அழுத்தினாள். பூமியின் மறுபக்கத்தில் ஒருவர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஒதுங்கி நின்று காத்திருக்கிறார். நான்கு வருடத்தில் அவள் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

எண் ஏறியது. ஜெர்மன்காரர் வந்து, வீட்டில் ஆள் இருக்கிறார்கள், மன்னிக்கவும் என்று தன் கருத்தைத் திருத்தினார். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. பன்னிரண்டு அடித்தபோது அறுபத்து மூன்று. எழுபது இல்லை. சின்ஹுங்கின் போன் அடித்தது.

அவன் எண்ணைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளி மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். மழைச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் அவன் மேசையில் ஆறிப்போயிருந்த சோயா பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசிவைத்த பேச்சு மாறக்கூடாது, போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனம் கேட்கவில்லை.

டொக். டொக். டொக்.

திரையைப் பார்த்தாள். ரெனான் ஏதோ கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் அங்கிருந்து வரவில்லை. ஒரு நாளும் இந்தக் கதவைத் தட்டியறியாதவன் வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"யாரு?" என்றாள். "தங்க வந்தீங்களா, போக வந்தீங்களா?"

"தங்கத்தான் அக்கா," என்றான் சின்ஹுங். "சீக்கிரம் திற, இங்க சாரல் அடிக்குது."