பெரட்டுக்கு வந்த ஊசி

லிந்துலைக்கு மேலே, ஊமைமலைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தப்பான பையில் போட்ட குப்பை, மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுச் சங்கு ஊதும்போது, போட்டவர் வீட்டு வாசலில் வந்து வரிசையாக நிற்கும். இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆனி மாதத்திலிருந்து இப்படித்தான். அதற்கு முன்னால் குப்பை வெறும் குப்பையாகத்தான் இருந்தது. அந்த வருசம் மழையும் கொஞ்சம் கூட.

முதலில் பார்த்தவர் யோகேஸ்வரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மருந்து கொடுக்கிறவர். தோட்டமே அவரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடும். ரத்தம் பட்டதெல்லாம் மஞ்சள் பைக்கு, சோற்றுப் பொட்டலத் தாள் கறுப்புப் பைக்கு என்று சுவரில் படம் ஒட்டியவரே அவர்தான். ஆனால் கைக்கு எது எட்டுகிறதோ அதில்தான் போடுவார். அன்று கதவைத் திறந்தால் பதினொரு ரத்தப் பஞ்சுகள், உயரப்படி நிற்கின்றன. காலால் தள்ளிவிட்டார், மறுநாளும் வந்தன. தானே கையுறை மாட்டி, எடுத்துப்போய் மஞ்சள் பையில் சேர்த்த பிறகுதான் ஓய்ந்தன. மருத்துவிச்சி கிருஷாந்தியின் வாசலில் இரண்டு ரப்பர் கையுறைகள் நின்றுகொண்டு, பால்காரருக்கு வணக்கம் வைத்தன. புண்ணில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சாக்கடைக் கானில் வீசிய பழனியாண்டியை, அந்தத் துணி ஹட்டன் பஸ்ஸுக்குள்ளேயே ஏறித் துரத்தி, ஜன்னலோரச் சீட்டைப் பிடித்துக்கொண்டது. "என்னோடதுதாங்க" என்று கண்டக்டரிடம் ஒத்துக்கொண்டு, மனுசன் தலவாக்கலையில் இறங்கி, அதையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

இதற்கெல்லாம் சிரிக்காதவர் ஜீவராணி ஒருவர்தான். ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்து, பைகளைக் கட்டி வைப்பது அவர் வேலை. வாரம் ஒருமுறை லொறி வந்து மஞ்சள் பைகளை எரிக்கக் கொண்டுபோகும். இந்தக் கூத்து தொடங்குவதற்கு முதல்நாள், அவர் தூக்கிய கறுப்புப் பைக்குள் ஒரு ஊசி இருந்தது. கட்டைவிரலில் நறுக்கென்று ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசியோ, அந்த உடம்பில் என்ன நோயோ, ஒரு இழவும் தெரியாது. நுவரெலியாவில் ரத்தம் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கிற ரத்தமும் சுத்தமாக இருந்தால்தான் நிச்சயம் என்றார்கள். அன்றோடு ஜீவராணி, இரண்டு வயது மகள் கௌசியைக் கொஞ்சுவதை நிறுத்தினார். கொஞ்சினால் ஒட்டாது என்று டாக்டர் ஐயா நூறு தரம் சொன்னார். பயம் கேட்குமா? முத்தம் கேட்டு அழுத பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தார்.

"ஆத்தா மாரியாத்தா, இத போட்ட ஆளு வாசலுக்கே இது போகணும்" என்று அன்று அவர் வயிறெரிந்து சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பெரட்டில் பேசிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊரில் உள்ள பஞ்சும் துணியும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தன. அந்த ஊசியை மட்டும் காணோம். ஜீவராணி தினமும் ஆறு மணிக்கு டாக்டர் ஐயாவின் வாசலைத்தான் எட்டிப் பார்த்தார். ஐயாதான் போட்டிருப்பார் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஊசி சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளில், கீழ்லயத்து இராஜகுமாரியின் வாசலில் ஒரு வாரம் நின்றது. அடுத்த வாரம் தனுஜாவின் வாசல். இப்படியே கொழுந்து பறிக்கிற பெண்கள் இருபது பேரின் வாசல். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கை மட்டும், அது மஞ்சள் நிறமாக இருந்தால், அவசரமாக அவிழ்த்து ஒளித்தார்கள்.

மார்கழி பிறந்தது. கடைசி ரத்தம் கொடுக்கப் போகிற நாள். ஆறு மணிக்கு ஜீவராணி கதவைத் திறந்தால், படியில் ஊசி நிற்கிறது, தன்னந்தனியாக, நடந்து நடந்து முனை மழுங்கிப்போய். இடுக்கியால் பிடித்துக்கொண்டு நேரே ஐயா வீட்டுக்குப் போனார்.

"ஒங்க ஊசி வழி தவறி எங்க வாசலுக்கு வந்திருச்சுங்க ஐயா."

ஐயா குனிந்து ஊசியைப் பார்த்தார். "ஊசிப் பெட்டியக் கொட்டினது நான்தான், பிள்ளை. ஆறு மாசமா ஒவ்வொரு நாளும் விடியக் கதவைத் திறக்கப் பயந்துகொண்டு கிடந்தனான். ஆனா மஞ்சள் பை முடிஞ்சுது எண்டு கறுப்புப் பையைத் தந்தது நீங்கள்தானே?"

ஜீவராணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வைகாசி மழையில், "நனையிறோம் புள்ள, அந்த மஞ்சப் பையில ரெண்டு குடேன், படங்கு தச்சுக்கிறோம்" என்று பெண்கள் வந்து கேட்டார்கள். பாவம் என்று கட்டோடு தூக்கிக் கொடுத்தது யார்? "ஐயோ, நான்தானா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்துவிட்டது. ஊசியைத் தன் கையாலேயே புது ஊசிப் பெட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தினார். ஐயா மஞ்சள் பையை விரித்துப் பிடித்தார்.

அந்த வாரக் கடைசியில் ரத்தம் சுத்தம் என்று தாள் வந்தது. "போதும்மா, போதும்" என்று கௌசி கையால் தள்ளிவிடுகிற அளவுக்கு அவர் கொஞ்சித் தீர்த்தார். ஒளித்து வைத்த படங்குகளையும் பெண்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தோட்டத்தில் இப்போதும் சங்கு ஊதினால் எல்லாரும் கதவைத் திறந்து முதலில் கீழேதான் பார்க்கிறார்கள். ஜீவராணியும் பார்க்கிறார். படி காலியாக இருந்தால் தேத்தண்ணி வைக்கிறார். ஏதாவது நின்றால், "வா, நேத்து நான் என்ன பண்ணுனேன்?" என்று கேட்டுவிட்டுக் கையுறையைத் தேடுகிறார்.