செங்கடல் எவ்வளவு தூரம்

நவ்ரீன் மீது எனக்கு முதல் சந்தேகம் வந்தது ஜனவரி பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்தேன்.

எங்கள் குடியிருப்பு ராயபுரத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நான்கு மாடி, பதினாறு வீடு. குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். மாடிச் சாவி, மோட்டார் சுவிட்ச், சங்கத்துக் கடிதப் போக்குவரத்து எல்லாம் என் பொறுப்பு. பிழைப்புக்கு வண்ணாரப்பேட்டையில் பேரீச்சம்பழமும் முந்திரியும் மொத்த வியாபாரம்.

நவ்ரீன் மூன்றாம் மாடி அமீருதீனின் மகள். என் மகள் ஜெனியும் அவளும் பிளஸ் ஒன்னில் ஒரே வகுப்பு. அன்று அவள் கிழக்குச் சுவரோரம் நின்றிருந்தாள். கழுத்தில் பைனாகுலர், இடது கையில் செல்போன், சுவர்மேல் விரித்த நோட்டு. கடலில் ஐந்தாறு கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நோட்டை மூடிவிட்டாள்.

“என்னம்மா பண்ற?”

“படிக்கிறேன் அங்கிள்.”

அந்தக் குரல் அவளுடைய பல்லைத் தாண்டி வரவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். படிக்கட்டில் ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பெயர் கேட்டால் தாயார் சாபிராவின் முகத்தைப் பார்ப்பாள். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு பைனாகுலர் எதற்கு?

மறுநாளும் அதற்கு மறுநாளும் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாள் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அவள் கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். காதில் போன் இல்லை. “ஏவுகணை” என்றாள். “கப்பல் கம்பெனி” என்றாள். ஒரு வாக்கியத்தை நாலு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் ஏறியது. நான் கதவைத் தள்ளியதும் சட்டென்று நின்றுவிட்டது. மூன்றாம் நாள் நோட்டைத் தொட்டி மூடிமேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கப்பல் பெயர்கள், எந்த நாட்டுக் கொடி, வரவேண்டிய நாள், வந்த நாள். சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஐந்து வரிகளை என் டைரியில் எழுதிக்கொண்டு, நோட்டை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தேன். வரவேண்டிய நாள் இவளுக்கு எப்படித் தெரியும்? அமீருதீன் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அது நினைவு வந்ததும் அதையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

சாப்பிடும்போது ஜெனியிடம் கேட்டேன். “நவ்ரீன் மாடியில என்னட்டி பண்றா?”

“எனக்கென்னப்பா தெரியும்” என்றாள் ஜெனி, தட்டைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை மாடிக் கதவைப் பூட்டினேன். திங்கட்கிழமை மாலை நவ்ரீன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாடிச் சாவி வேணும் அங்கிள்.”

“எதுக்கு?”

“ஸ்கூல் வேலை.”

“ஸ்கூல் வேலைக்கு மாடி எதுக்கும்மா?”

பழைய நவ்ரீனாக இருந்தால் இதற்குள் கீழே இறங்கியிருப்பாள். இவள் நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“இப்ப சொல்லக் கூடாது அங்கிள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழம தெரிஞ்சிரும்.”

எனக்குப் பின்னால் ஜெனி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை என்ன தெரியப்போகிறது? அந்த வாரம் முழுக்க இதே யோசனை. கடைசியில் காவல் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு காரணங்கள். ஒன்று, பைனாகுலரால் கப்பல்களைக் கவனிக்கிறாள். இரண்டு, எந்தக் கப்பல் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிந்து குறிக்கிறாள், சிலவற்றுக்கு அடையாளம் இடுகிறாள். மூன்று, தகப்பனார் யார்டில் வேலை செய்பவர். நான்கு, ஏவுகணை பற்றித் தனியே பேசுகிறாள், கேட்டால் வெள்ளிக்கிழமை தெரியும் என்கிறாள். கையெழுத்திட்டேன். தனி ஆளாக அனுப்புவது முறையல்ல என்பதால் அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் வைத்தேன்.

கூட்டம் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில். பத்துப் பேர் வந்திருந்தார்கள். தலைவர் ராசையாவுக்கு மட்டும் நாற்காலி. நைட் ஷிப்ட் முடித்து வந்த அமீருதீன் சிவந்த கண்ணோடு தூண் ஓரம் நின்றார்.

விஷயத்தைச் சொன்னதும் முதல் மாடி செல்வம் குறுக்கே வந்தார். காசிமேட்டில் ஐஸ் வண்டி வைத்திருப்பவர். “இன்னா சார் நீ, பச்சப் புள்ள மேல போயி போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன்றியே.”

“சந்தேகம்னு வந்தா சொல்றது நம்ம கடமை செல்வம்.”

“உனக்கு கேபிள்காரன் மேலயும்தான் சந்தேகம் கீது. அவனுக்கு லெட்டர் போட்டியா?”

அமீருதீன் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு முன்னால் வந்தார். “சார், பாப்பா இனிமே மாடிக்கு வராது சார். நான் சொல்லிடறேன். லெட்டர் மட்டும் வேணாம். ஸ்டேஷன்ல ஒரு தபா பேரு ஏறிச்சுன்னா யார்டுல உள்ள விட மாட்டான் சார்.”

அந்தக் குரலும் பல்லைத் தாண்டி வரவில்லை.

“அத்தா, நீ இரு” என்றாள் நவ்ரீன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். “லெட்டரைப் படிங்க அங்கிள். பூரா படிங்க.”

படித்தேன். அவள் பக்கத்திலிருந்த ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“இப்ப நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க. நான் கப்பலப் பாக்கறேன், குறிக்கிறேன், எங்க அத்தா உள்ள இருந்து சேதி குடுக்கறாரு, வெள்ளிக்கிழம இன்னாவோ நடக்கப்போவுது. அதானே?”

என் கடிதத்தில் இவ்வளவு பச்சையாக இல்லை. ஆனால் அதுதான். “ஆமா” என்றேன்.

“நாலாவதுல இருந்து வரேன். வெள்ளிக்கிழம எங்க கிளாஸ்ல டிபேட். சௌமியா மிஸ் மாசா மாசம் ஒரு உலக விஷயம் குடுப்பாங்க. இந்தத் தபா, செங்கடல்ல கப்பல அடிக்கிறாங்களே, அது நமக்குத் தூரமா கிட்டவான்னு. நான் ‘கிட்ட’ன்ற கட்சி. பேப்பர்ல வந்ததச் சொன்னா மார்க் இல்ல. கண்ணால பாத்த ஒரு சாட்சி வேணும். அத எதிர்க் கட்சிக்கு முன்னாடியே தெரிய வுட்டுடக் கூடாது. அதான் சொல்லல.”

இன்னும் கைப்பிடியை விடவில்லை.

“ரெண்டாவது. செங்கடலுக்குப் பயந்து ஆப்பிரிக்காவச் சுத்தி வர்றதால கப்பலுங்க லேட்டா வருது. வரவேண்டிய தேதிய கம்பெனிக்காரனே வெப்சைட்ல போடறான். எங்க அத்தா சொல்லணும்னு இல்ல. பேரீச்சம்பழம் எப்ப வரும்னு நீங்க ஏஜென்ட்டுக்குப் போன் போடறீங்களே, அவன் சொல்றதும் அதே தேதிதான். சிவப்புல போட்டது இன்னும் வராத கப்பல்.”

ராசையா என்னைப் பார்த்தார். ரம்ஜான் சரக்கு தாமதம் என்று கடந்த கூட்டத்தில் அவரிடம் புலம்பியவன் நான்தான்.

“ஒண்ணாவது, பைனாகுலர் எங்க அண்ணன் முபாஷிரோடது. கிரிக்கெட் பாக்க வாங்கினது. மூணாவது, எங்க அத்தா வேல செய்யறாரு. அதுல பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.”

கைப்பிடியிலிருந்து அவள் எப்போது கையை எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

“அந்த எதிர்க் கட்சி யாரும்மா?” என்றார் செல்வம்.

நவ்ரீன் தரையைப் பார்த்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஜெனி நின்றிருந்தாள்.

“நான்தாம்பா” என்றாள்.

“அன்னைக்கே உன்கிட்ட கேட்டேனே” என்றேன்.

“மாடிக்குப் போகலைன்னா அவகிட்ட சாட்சி இருக்காதுல்ல” என்றாள் ஜெனி, மெதுவாக. “லெட்டர் எழுதுவீங்கன்னு தெரியாது.”

“விஷயம் தெரிஞ்ச ஆள வூட்டுக்குள்ளயே வெச்சிகினு ஸ்டேஷனுக்கு லெட்டர் எழுதியிருக்க பாரு” என்றார் செல்வம்.

சாவியை எடுத்து நீட்டினேன். நவ்ரீன் வாங்கிக்கொண்டாள்.

“அந்த லெட்டரும் வேணும் அங்கிள்.”

“அது எதுக்கு?”

“வேணும்.”

“வுடும்மா, வா போலாம்” என்றார் அமீருதீன். அவள் நகரவில்லை. என் கையெழுத்துள்ள காகிதம். யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்? போட்டோ எடுத்துப் பரப்பினால் என் கடைப் பெயர் என்ன ஆகும்? “பாதிக்கப்பட்ட பிள்ளை கேக்குது, கொடுத்திரும் தேவப்பிரியம்” என்றார் ராசையா. கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே சாவி திரும்பி வந்துவிட்டது. “வேல முடிஞ்சிச்சு அங்கிள்” என்றாள். என்ன வேலை? அதன் பிறகு அவள் மாடிப் பக்கமே போகவில்லை. நான்கு நாளும் ஐந்தரை மணிக்கு நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனியிடம் கேட்கலாம், ஆனால் அவள் சொல்வதை நம்பலாமா என்பதும் இப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரமே வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு வந்து காத்திருந்தேன். நாலரைக்கு ஜெனி வந்தாள். பையைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“என்ன ஆச்சு?”

“கப்பல் நோட்டை அவ எடுக்கவே இல்ல. உங்க லெட்டரைப் படிச்சா.”

“அந்த லெட்டரையா?”

“செங்கடல் எவ்ளோ தூரம்னு கேக்கறீங்களே, எங்க மாடிக் கதவு வரைக்கும் வந்துடுச்சு, பூட்டை என் கண்ணால பாத்தேன்னு சொன்னா. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.”

“என் பேரைச் சொன்னாளா?”

“இல்ல. கையெழுத்து இருக்கிற இடத்தை மடிச்சுப் பிடிச்சிருந்தா.”

“நீ என்ன பதில் சொன்ன?”

ஜெனி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“மறுக்கிறதுக்கு முன்னாடி எதிர்க் கட்சி காட்டின சாட்சியை நாம திருப்பிச் சொல்லணும்பா, அது ரூல். நாலு காரணத்தையும் எழுந்து நின்னு நான்தான் சொன்னேன். அதுக்கு மேல எனக்கு வாய் வரலை.”