அமிர்தம் கோபித்துக்கொண்டு போகும் வழி

1

இந்தக் கதையை நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். பில் போடவில்லை.

ஸ்ரீரங்கத்தில், பருப்பு வரிசைக்கும் சோப்பு வரிசைக்கும் நடுவே, எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு என்னை மூன்றாவது முறையாக முந்திப் போனார். வண்டிக்குள் ஒரே ஒரு வெந்தயப் பாக்கெட். முகத்தில், கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப் பிடித்தவரின் பூரிப்பு. வாசலில் வண்டியை விட்டதும் மடங்கிப்போனார். ஆட்டோ வரைக்கும் பத்தடி. சுவரைப் பிடித்து இரண்டு தடவை நின்றார். நான் ஓடிப்போய்க் கைகொடுத்தேன். கைகொடுக்கும்போதே மனசுக்குள் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது. (வெட்கம்தான். ஆனாலும் ஓடியது.)

2

முதல் தொடக்கம்: அமிர்தத்தின் முதுகெலும்பு ஒரு பழைய வீணையைப் போல

வேண்டாம்.

இரண்டாவது: வலி என்பது உடலுக்குள் நாம் தனியாக வாழும் ஓர் அறை, அதன் சன்னல்கள்

இதை, ஆட்டோ ஏறும்போது நம்பர் கொடுத்த அமிர்தத்திடமே போனில் படித்துக் காட்டினேன்.

"யாருங்க இது? ரொம்பப் பாவமா இருக்கே."

"நீங்கதாங்க."

"நான் இல்ல. நான் இட்லி சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கேன்."

ஆகவே மூன்றாவது. அமிர்தம், எழுபத்திரண்டு வயது, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் அழகிரி, முன்னாள் தலைமை ஆசிரியர். அம்மா மண்டபம் ரோட்டில் ஃபிளாட். இரண்டு வருடமாக நிமிர்ந்து நடந்தால் இடுப்பிலிருந்து கால்வரை தீ இறங்குகிறது. குனிந்து எதையாவது தள்ளிக்கொண்டு நடந்தால் இறங்குவதில்லை. இடுப்பில் நரம்பு போகும் பாதை சுருங்கிவிட்டது, குனிந்தால் கொஞ்சம் விரியும், அவ்வளவுதான் விஷயம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அமிர்தம் தினமும் கடைக்குப் போகிறார்.*

* அழகிரி வாங்கி வந்த சக்கர வாக்கரும் அதே வேலையைத்தான் செய்யும். அதில் இப்போது துண்டு காய்கிறது. "கடை வண்டியத் தள்ளினா நான் கஸ்டமர். இதைத் தள்ளினா பேஷன்ட்."

3

வியாழக்கிழமைக்குள் அமிர்தம் டாக்டருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கே.கே. நகரில் இருக்கும் மகள் பவித்ராவுக்கு அடுத்த மாதம்தான் லீவு கிடைக்கும். ஆபரேஷன் என்றால் அதற்குள் நாள் குறிக்க வேண்டும். குடும்பம் கூடியது.

"மூணு விஷயம் சொல்றேன்," என்று அழகிரி ஆரம்பித்தார். "ஒண்ணு, உடற்பயிற்சி. மாசக்கணக்கா ஒழுங்காப் பண்ணணும். நீ பண்ண மாட்ட. ரெண்டு, முதுகுல ஊசி. கொஞ்ச நாள் தாங்கும், தாங்காமலும் போகும். மூணு, ஆபரேஷன். அதுல மூணு உட்பிரிவு இருக்கு..."

"அப்பா, அம்மா தூங்கிட்டாங்க," என்றாள் பவித்ரா.

"தூங்கல," என்றார் அமிர்தம். "கண்ண மூடியிருக்கேன். காத மூடத்தான் வழியில்ல."

மூடிய கண்ணுக்குள் என்ன ஓடியது? இந்த இடத்தில் மரண பயம் என்று எழுதி, அரைப் பக்கம் வளர்த்து, அடித்தேன். மயக்க மருந்தில் கண் திறக்காமல் போனால் போகட்டும் என்று நினைப்பவர் அமிர்தம். அவர் பயம் வேறு. ஊசி கேட்கவில்லை என்றால் ஆபரேஷன் இருக்கிறது. ஆபரேஷனும் கேட்கவில்லை என்றால்? இப்போதைக்கு அது அவர் கையில் இருக்கிற கடைசி நல்ல செய்தி. பண்ணாத வரைக்கும் அது நன்றாக முடிந்த ஆபரேஷன்.

4

கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. அழகிரியை வைத்திருந்தேன். அந்த மனிதரோ ஸ்கேன்களைத் தேதி வாரியாக அடுக்கி, வெந்நீர்ப் பைக்குத் தைத்த உறை தேய்ந்துவிட்டது என்று இன்னொரு உறை தைத்துக்கொண்டிருந்தார். தையல் கோணல். வில்லத்தனத்துக்கு அந்த 'மூணு விஷயம்' பேச்சை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

5

முடிவு அ: ஆபரேஷன் வெற்றி. அமிர்தம் நிமிர்ந்து நடக்கிறார். (எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

முடிவு ஆ: அமிர்தம் தள்ளுவண்டியோடு கடையைவிட்டு வெளியேறுகிறார். செக்யூரிட்டி விசிலடித்துக்கொண்டு துரத்துகிறார். கொள்ளிடம் பாலத்தில் லாரிகள் ஒதுங்கி நிற்க, சமயபுரம் பாதயாத்திரைக் கூட்டம் நீர்மோர் நீட்டி வழிவிட, சேலைத் தலைப்பு பறக்க, வண்டியில் வெந்தயம் துள்ள...

போனில் கேட்டுவிட்டு அமிர்தம் நெடுநேரம் சிரித்தார். பிறகு, "வியாழக்கிழமை நீங்களும் வாங்க. இவர் பேசுவாரு, பவித்ரா முடிவு பண்ணுவா. சும்மா பார்த்துக்கிட்டிருக்க ஒரு ஆள் வேணும்," என்றார்.

6

டாக்டர் தர்மராஜ், அழகிரியின் முதல் விஷயம் முடிவதற்குள் கையை உயர்த்திவிட்டார்.

"அம்மா சொல்லட்டும் சார். வலி போனா நீங்க என்னம்மா செய்யணும்?"

யாரும் இதுவரை அவரிடம் இதைக் கேட்டதில்லை. (நானும் கேட்கவில்லை. எழுத்தாளராம்.)

"கோவம் வந்தா எந்திரிச்சுப் போகணுங்க," என்றார் அமிர்தம்.

"எங்கே?"

"எங்கயாவது. முன்னெல்லாம் இவர் ரெண்டாவது விஷயத்துக்கு வரும்போது நான் உத்திர வீதியில இருப்பேன். ஒரு சுத்து சுத்திட்டுக் கருவேப்பிலை வாங்கிட்டு வந்தா, இவரும் அடங்கியிருப்பாரு, நானும் அடங்கியிருப்பேன். இப்ப ரெண்டு வருஷமா மூணு விஷயத்தையும் முழுசாக் கேக்குறேன் டாக்டர்."



"அப்ப ஆபரேஷன் வேண்டாம் டாக்டர்," என்றார் அழகிரி.

டாக்டர் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். பவித்ரா ஸ்கேன் உறையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்து முடித்த டாக்டர், "நிறையப் பேருக்கு நடை திரும்புது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். கால் பலம் குறையல, அதனால அவசரமும் இல்ல. பயிற்சி பண்ணிப் பார்க்கலாம்னாலும் சரிதான். வெளியில உக்காந்து யோசிங்க," என்று சம்மதப் படிவத்தை அமிர்தத்தின் கையில் கொடுத்தார்.

7

வராந்தாவில் பவித்ராவுக்கு ஆபீஸிலிருந்து போன். அவள் ஒதுங்கிப் போனாள். அழகிரி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அமிர்தம், மூணு விஷயம்..."

"வேண்டாங்க. எந்திரிச்சுப் போயிடுவேன்."

"எங்க போவ?"

கேட்ட பிறகுதான், நடக்க முடியாதவரிடம் என்ன கேட்டுவிட்டோம் என்று அழகிரிக்கே தெரிந்தது. அமிர்தம் மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார். அழகிரி மெல்ல எழுந்தார்.

"சரி. உனக்குப் பதிலா நான் போறேன்."

நிஜமாகவே நடந்தார். எக்ஸ்ரே அறையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, கோபமாகக் கையை வீசி வீசி.

"பாருங்க! நான் பேசிக்கிட்டிருக்கேன், அவர்பாட்டுக்குப் போறாரு!" அமிர்தம் கத்தினார். "நடையப் பாருங்க. கோவத்துல போறவங்க இப்படியா போவாங்க? தலைய இப்படி வெட்டணும்!" வெட்டிக் காட்டினார். இடுப்பில் சுரீரென்றது, 'அம்மா' என்று முனகிக்கொண்டே சிரித்தார். கண்ணில் தண்ணீர். எதனால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அழகிரி கோடியில் திரும்பி, எவ்வளவு நேரம் கோபமாக இருக்க வேண்டும் என்று தெரியாமல் நின்றார்.

அமிர்தம் படிவத்தைத் தொடைமேல் வைத்து நீவினார். அதில் இரண்டு கட்டங்கள். சம்மதம், சம்மதமில்லை.

"பேனா இருக்கா?" என்று கேட்டார்.

என்னிடம் இருந்த ஒரே பேனாவைக் கொடுத்துவிட்டேன். அதனால்