பின்னால் மிதிப்பவனுக்கு ஒரு காப்பீடு

நெவில் எந்தச் சங்கத்தில் சேர்ந்து காப்பீடு எடுப்பது என்று எங்கள் சைக்கிள் கிளப்பில் வாரக்கணக்கில் சண்டை நடந்தது. அதில் பாதிச் சண்டை நான் போட்டது.

நெவிலும் நானும் ஒரே சைக்கிளில் போகிறவர்கள். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல், வாசலில் திருப்பவே இடம் போதாத நீள வண்டி. நான் முன்னால் உட்கார்ந்து ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வேன். அவன் பின்னால் உட்கார்ந்து மிதிப்பான். அவனுக்குக் கண் தெரியாது. ஒரு காலத்தில் டாட்மார்டனுக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் பஸ் ஓட்டியவன்; சர்க்கரை நோய் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. கால் பலத்தை மட்டும் அந்த நோயால் தொட முடியவில்லை. கிராக் வேல் ஏற்றத்தில் இளவட்டங்கள் நாக்குத் தள்ளிப்போய் நிற்கும்போது நாங்கள் மணியடித்துக்கொண்டே தாண்டிப் போவோம். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன குளிர்காலத்தில் எங்கள் ஆள் ஒருவன் ஒரு தபால்காரர்மேல் மோதி, அவர் தோள்பட்டை விலகி, பெரிய வம்பாகிவிட்டது. அதிலிருந்து, அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடு இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு வரக்கூடாது என்று கிளப் முடிவு செய்தது. அதற்கு இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒன்று பந்தயக்காரர்களுடையது, மற்றது எங்களைப் போன்ற ஊர்சுற்றிகளுடையது. இரண்டுக்கும் நானே போன் போட்டு விசாரித்தேன். முன்னால் ஓட்டுகிறவர் சேர்ந்தால் போதும், பின்னால் இருப்பவர் பயணி, அவரும் அதிலேயே அடக்கம் என்றார்கள் பந்தயக்காரர்கள். ஊர்சுற்றிகளோ, பின்னால் மிதிப்பவரும் சைக்கிள் ஓட்டுகிறவர்தான், அவர் தனியாக முழுச் சந்தா கட்டிச் சேர வேண்டும் என்றார்கள்.

பப்பின் மாடியில் கூட்டம் போட்டபோது இதை அப்படியே சொன்னேன். செயலாளர் ராட்னிக்கு ஒரே சந்தோஷம். என்னைக் கைகாட்டினான்.

"அப்புறம் என்ன? ஹேஸல் சேர்ந்தா முடிஞ்சுது. நெவில் இலவச இணைப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நெவில் பீர் கிளாஸை மேசையில் வைத்தான்.

"நான் என்ன சோப்பு வாங்கினா குடுக்கற டப்பாவா?"

"வீம்பு பிடிக்காத நெவில்," என்றேன். "அவங்க வக்கீல் வெச்சுத் தர்றாங்க, சைக்கிள் கடையில தள்ளுபடி இருக்கு. உனக்கு அடிபட்டாலும் பாத்துக்குவாங்க. வேற என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு அடிபட்டா என்ன ஆகும்னு இந்த ஊரே கவலைப்படுது. என்னால அடுத்தவனுக்கு ஏதாவது ஆனா?"

"உன்னால என்ன ஆகப்போகுது? பிரேக் என் கையில இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். பஸ் ஓட்டினப்போ ஒரு கண்ணாடிய உரசினா கூப்பிட்டு நிக்க வெச்சு விசாரிப்பாங்க. இப்ப கடையில ஜாம் பாட்டில உடைச்சா, 'பரவால்ல கண்ணு, நீ தள்ளி நில்லு'ங்கறாங்க. போன மாசம் வேணும்னே ஒண்ணு உடைச்சுப் பாத்தேன். அதுக்கும் அதேதான்."

மறுநாளே அவன் ஊர்சுற்றிகள் சங்கத்தில் தன் பெயரில் முழுச் சந்தா கட்டிச் சேர்ந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் ஒரே வண்டியில் இருந்துகொண்டு ஆளுக்கொரு சங்கம் என்றால் ஊர் சிரிக்கும். திட்டிக்கொண்டே நானும் அதிலேயே சேர்ந்தேன்.

மே மாதம் ஒரு ஞாயிறு. மலைமேல் நாங்கள் எப்போதும் நிற்கும் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே வண்டியைச் சுவரில் சாய்ப்பது நெவில் வேலை. அதில் நான் கை வைத்தால் கோபம் வரும். நான் உள்ளே போய் வரிசையில் நின்று, அவனுக்குப் பீன்ஸும் டோஸ்ட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து யாரோ ஒருவர் அந்தச் சுவரை ஒட்டிக் காரை நிறுத்தியிருந்தார். நெவிலின் இரண்டு கைகளும் வண்டியில் இருந்தன. வழக்கமான இடத்தில் சாய்த்தான், எதிலோ தட்டி நின்றது, சுவர்தான் என்று கையை எடுத்தான். சைக்கிள் முன்னால் உருண்டு, பெடலால் காரை நீளத்துக்கும் கிழித்துக்கொண்டு விழுந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

கார்க்காரர் வாயில் கேக்கோடு ஓடினார். நான் அவர் பின்னால் ஓடினேன்.

"எந்த மடப்பய..." என்று ஆரம்பித்தவர், நெவில் அதற்குள் கையில் எடுத்திருந்த வெள்ளைக் கோலைப் பார்த்து மீதியை விழுங்கினார். "பரவால்லங்க. சின்னக் கீறல்தான். நீங்க கவலைப்படாதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரைத் தனியா விட்டுட்டுப் போகலாமாம்மா நீங்க?"

"என்கிட்ட பேசுங்க," என்றான் நெவில். "சாய்ச்சது நான். பேரு நெவில் பாரக்ளோ. காப்பீடு இருக்கு. தப்பு என்னுது."

அந்த இடத்திலேயே தப்பை ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று சங்கத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் அவன் இடுப்பில் கிள்ளினேன். "வாய மூடு. தப்பு யாருதுன்னு அவங்க பாத்துக்குவாங்க."

"முழுக்க என்னுது," என்றான் இன்னும் உரக்க. "இவ உள்ள டோஸ்ட் சொல்லிட்டிருந்தா."

"விடுங்க, பாவம். நானே பாத்துக்கறேன்," என்றார் கார்க்காரர்.

அந்தப் 'பாவம்' காதில் விழுந்ததும் நெவிலின் முகம் சுண்டிப்போனது. அவன் குனிந்து, காரைத் தடவி, கீறல் தொடங்கிய இடத்திலிருந்து விரலால் அதைத் தொடர்ந்துகொண்டே போனான்.

"சின்னக் கீறலா இது? முன்கதவுல ஆரம்பிச்சு பின்சக்கரம் வரைக்கும் போகுது. புது வண்டியா?"

"ஆமா. போன வாரம் எடுத்தது."

"என்ன கலரு?"

"கரும்பச்சை."

"போச்சு. கரும்பச்சையில ஒட்டுப் போட்டா தேமல் மாதிரி நிக்கும். ரெண்டு கதவையும் முழுசா அடிக்கணும் சார். இரும்புலயே இறங்கியிருக்கு. நல்லா அழுத்தித்தான் சாய்ச்சிருக்கேன்."

கார்க்காரர் கீறலைப் பார்த்தார், நெவிலைப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"கிழிச்சு வெச்சுட்டு கலர் வேற விசாரிக்கறியா? இந்தக் காருக்கு எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? சாய்க்கறதுக்கு முன்னாடி ஒரு கைய நீட்டித் தொட்டுப் பாக்க மாட்ட? என்ன ஆளுய்யா நீ?"

நெவில் நிமிர்ந்து, கோலை உடம்போடு ஒட்டிப் பிடித்து, டிப்போவில் அதிகாரி முன்னால் நிற்பதுபோல் நின்றான்.

"தொட்டுப் பாத்திருக்கணும் சார். பாக்கல. எழுதிக்குங்க, என் உறுப்பினர் எண் சொல்றேன்."

ஒரு எண்கூடத் தடுமாறாமல் சொன்னான். அவர் போனில் ஏற்றிக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தார். ராட்னி பதறிப்போய் ஓடிவந்தான்.

"சார், கொஞ்சம் பொறுங்க, அவருக்குக் கண்ணு..."

நான் ராட்னியின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "நீ சும்மா இரு. அது அவங்க ரெண்டு பேரு விஷயம்."

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எனக்கு ஒரு டீ ஊற்றிக்கொண்டேன். வெளியே அந்த மனிதர் கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். நெவில் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அவன் டோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை.