சப்மிட் ஆகாத அறுபத்தொன்று

"ஃபேக்ஸ் எண் உறுதி செய்யப்பட்டதா?" என்ற கேள்விக்கு நேரே அவள் 'ஆம்' என்று டிக் போட்டதும், பக்கத்து நாற்காலியில் இருந்த டிசைனர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"போன்ல பேசினவர் ஃபேக்ஸ் நம்பரே கேக்கலையே மேடம்?"

"இங்க ஃபேக்ஸ் மிஷினே கிடையாது தம்பி. இல்லைன்னு போட்டா அடுத்த பக்கத்துக்கே விடாது. பத்து வருஷமா எல்லாரும் ஆம்னுதான் போடறோம்."

"அப்ப பத்து வருஷமா எல்லாரும் பொய் சொல்றீங்க."

"நாங்க எங்க சொல்றோம்? அதுதான் சொல்ல வைக்குது."

அவன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான். பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியது செய்யக் கம்பெனி அமர்த்திய ஆள் அவன். இரண்டு வாரமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எங்கே அழுத்துகிறாள், எங்கே பெருமூச்சு விடுகிறாள் என்பது வரைக்கும் குறித்துவந்தான்.

வீட்டுச் சாதனங்கள் விற்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அது. வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று நாள் முழுக்க வரும் அழைப்புகளுக்கு நூற்றிருபது பேர் பதில் சொல்வார்கள். பேசியது அத்தனையும் பதிவாகும். அவற்றில் ஆளுக்கு மாதம் ஆறு அழைப்பை எடுத்துக் கேட்டு, முப்பத்து நான்கு கேள்விக்கு மார்க் போட்டு ஆடிட் செய்வது அவள் வேலை. பாதி சரியாகப் பேசியவருக்கு முழுப் பூஜ்யம் போட மனம் வராமல், குறிப்புப் பெட்டியில் 'அரை மார்க் தரலாம்' என்று எழுதிவைப்பாள். அது எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் 'அரைமார்க் அக்கா' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எல்லோரும் பயப்படுவது பத்தொன்பதாவது கேள்விக்கு. விவரம் எதையும் சொல்வதற்கு முன் பேசுகிறவரின் பெயரையும் எண்ணையும் சரிபார்த்தார்களா? 'இல்லை' என்று போட்டால் மற்ற முப்பத்து மூன்றில் என்ன வாங்கியிருந்தாலும் அந்த அழைப்புக்குப் பூஜ்யம். மூன்று மாதத்தில் மூன்று பூஜ்யம் விழுந்தால் வேலை போயிற்று.

புதன்கிழமை மதியம், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு டிசைனர் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், உங்க லாகின்ல அறுபத்தோரு ஆடிட் சப்மிட் ஆகாம டிராஃப்ட்லயே நிக்குது. கவலப்படாதீங்க, ஒண்ணும் தொலையாது. திங்கக்கிழம எல்லாம் தானாவே சப்மிட் ஆகிப் புதுசுக்கு வந்துடும்."

"எந்தத் தேதி போட்டு?"

"திங்கக்கிழம தேதிதான்."

அறுபத்தொன்றும் பூஜ்யங்கள். நான்கு வருடத்துப் பூஜ்யங்கள் ஒரே நாளில் வந்து விழும். மூன்றோ அதற்கு மேலோ வாங்கப்போகிறவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது பேர். அதில் ஒருவன் எதிர் வரிசையில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான்.

டீ மிஷின் பக்கம் டிசைனரை அழைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். பூஜ்யம் விழுகிற அழைப்பு வந்தால் அவள் சப்மிட் அழுத்துவதில்லை. டிராஃப்டில் போட்டுவிட்டு எழுந்து அந்த ஆளின் இடத்துக்குப் போவாள். "வா, ஒரு டீ குடிக்கலாம்" என்பாள். எங்கே சறுக்கினாய் என்று சொல்வாள். பிறகு அதே ஆளின் வேறொரு அழைப்பை எடுத்து மார்க் போட்டுக் கணக்கை முடிப்பாள். விதிப்படி பார்த்தால் இது மோசடி. தெரிந்தால் முதலில் போவது அவள் வேலைதான்.

டிசைனர் காகிதக் கோப்பையை டீ மிஷின் மேல் வைத்தான். 'மேடம்' அங்கேயே 'அக்கா' ஆயிற்று.

"விடுங்கக்கா. காலி டிராஃப்ட்னு சொல்லி நானே கழிச்சு விட்டுடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

போன உயிர் திரும்பி வந்தது. "நீ நல்லா இருப்பே" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. யாருக்கு டிராஃப்ட், யாருக்கு சப்மிட்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"அது… பாத்தாலே தெரியும்."

"எதைப் பாத்தா?"

குத்திக் கேட்கவில்லை. ஃபேக்ஸைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான். பேனாகூடத் தயாராக இருந்தது. அவள்தான் பேச்சை மாற்றி, "புதுசுல டிராஃப்ட் இருக்குமில்ல?" என்றாள்.

"இல்லக்கா. வேலை தேங்குதுன்னு மேனேஜர் எடுக்கச் சொல்லிட்டார்."

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் ஓட்டுகிறவர். முழுதும் கேட்டுவிட்டு, "எனக்குப் போட்ட மார்க்கெல்லாம் டிராஃப்டா சப்மிட்டா?" என்றார்.

"உங்களது எப்பவோ சப்மிட் ஆயிடுச்சு. அப்பீல் கிடையாது."

அவர் சிரித்தார். பிறகு ஒரு சட்டையின் கையை நீவியபடி, "அந்தப் பையன்தான் கழிச்சு விடறேன்னுட்டானே. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

வியாழக்கிழமை காலை வந்ததும் வராததுமாக அவள் வேறொரு பட்டியலை எடுத்தாள். அதே நான்கு வருடத்தில் தன் கையால் சப்மிட் ஆன பூஜ்யங்கள். பதினான்கு இருந்தன. இந்தப் பதினான்கு பேரையும் ஏன் டீ குடிக்கக் கூப்பிடவில்லை? ஒருவன் எதிர்த்துப் பேசுகிறவன். ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தே பத்து நாள், முகம்கூடச் சரியாகத் தெரியாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. எழுதிப் பார்த்தால் ஒன்றுகூடக் காரணம் மாதிரி இல்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று பிறரைச் சொல்லியிருக்கிறாள். தன் கையில் இரண்டு கிண்ணமும் இருந்ததைப் பார்த்ததில்லை.

பட்டியலில் பதினோராவது, 'சைலன்ஸர்'. சைலன்ஸர் கழன்ற பைக் மாதிரிப் பேசுகிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். அவள் போனில் பேசினால் நான்கு வரிசை தாண்டிக் கேட்கும். அதனால் இவளுக்குத் தலைவலி வரும். மூன்று முறை போய்க் குரலைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். போன வருடம் அவளுக்கு விழுந்த மூன்றாவது பூஜ்யம் இவள் போட்டது. மறுவாரமே அவள் வேலை போய், அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அழைப்பின் நீளம் பதினொரு நிமிடம் என்று திரை காட்டியது. ஆடிட் முடிய எடுத்த நேரம் நான்கு நிமிடம். வெள்ளிக்கிழமை, ஐந்து நாற்பது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு, பெயர் கேட்கவில்லை என்பது தெரிந்ததும் மீதியைத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

அந்தப் பதிவை முதல் முறையாகச் சாதாரண வேகத்தில் கேட்டாள். யாரோ ஒரு வயதானவர், வீட்டில் தனியாக இருக்கிறார். வாஷிங் மெஷினின் பின்பக்கம் புகை. சைலன்ஸர் அவரை வெளியே அனுப்பி, பக்கத்து வீட்டுக்காரரைப் போனில் வரவழைத்து, எல்லாம் அடங்கிய பிறகு எட்டாவது நிமிடத்தில் பெயரும் எண்ணும் கேட்கிறாள். பத்தொன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்பதுதான் சரியான பதில். தப்பு சொல்லவே முடியாது. பதிவு முடிந்தும் அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை கண்ணாடி அறையில் கூட்டம். மேனேஜர், டிசைனர், அவள், மூன்றே பேர். சுவரில் புதிய திரை பளபளத்தது.

"முப்பத்து நாலு கேள்வி பன்னெண்டாயிடுச்சு. நாலே கிளிக். எப்படிம்மா?" என்றார் மேனேஜர், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் குரலில்.

"நல்லா இருக்கு சார். ஒரு பெட்டி குறையுது."

"என்ன பெட்டி?"

"பூஜ்யம் விழுந்தா, அந்த ஆள் பதில் சொல்ல ஒரு இடம். அதை இன்னொருத்தர் படிச்சப்புறம்தான் சப்மிட் ஆகணும். எல்லாருக்கும், விதியாவே."

"அதெல்லாம் வேலையை இழுக்கும்மா. உங்கள மாதிரி ஆடிட்டர் மேல நம்பிக்கை இல்லாமலா கம்பெனி வெச்சிருக்கு?"

"எனக்கே என் மேல இல்ல சார்."

டிசைனர் மேசைக்கடியில் வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தான். அவள் அவனைப் பார்க்காமல், நான்கு வருடத்தையும் அறுபத்தொன்றையும் வரிசையாகச் சொன்னாள். மேனேஜரின் முகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்கள்.

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார். பத்தொன்பதாவது கேள்வி மாதிரிதான். இதுக்கும் பாதி மார்க் கிடையாது."

"அந்த அறுபத்தொண்ணு லிஸ்ட் எனக்கு இப்பவே வேணும்."

"தரேன். அதுக்கு முன்னாடி, நான் ஒழுங்கா சப்மிட் பண்ண ஒண்ணைக் கேளுங்க."

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்து ஓடவிட்டாள். கூட்ட அறையின் ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருந்தது யாருக்கும் தெரியாது. "ஐயா! மெஷினைத் தொடாதீங்க! மெயின் சுவிட்ச அமத்திட்டு வாசலுக்கு வாங்க! பேரெல்லாம் அப்புறம் சொல்லலாம், நீங்க முதல்ல வெளிய வாங்க!"

அந்தக் குரலுக்குக் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. வெளியே மூன்றாவது வரிசையில் ஒரு பெண் ஒரு காதிலிருந்து ஹெட்செட்டை விலக்கி நிமிர்ந்தாள். பாட்டு முணுமுணுக்கிறவன் பாதியில் நிறுத்தித் திரும்பினான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், அதற்கும் பின்னால் இரண்டு பேர். சைலன்ஸர் போன பிறகு ஒரு வருடமாக யாரோ யாரோ உட்கார்ந்து எழுந்த அவளுடைய ஜன்னலோர இருக்கையைச் சிலர் பார்த்தார்கள், சிலர் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்க நீண்ட மேனேஜரின் கை மேசைக்கு மேலே அப்படியே நின்றது. பதிவில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது.